கிளிஞ்சல் மேட்டில் உறங்கியோர்

கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பாகும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காளவாயிலிட்டுச் சுட்டு, நீர் தெளித்து நீற்றிய சுண்ணாம்பு வெற்றிலையில் ஏறும். வீட்டுச் சுவரில் ஏறும். கட்டடத்தின் காரையிலும் கலக்கும். ஆனால், அந்தக் கிளிஞ்சலோடு ஒரு நாட்டின் பழைய வரலாறும் காளவாயில் வெந்து நீறாகிப் போன செய்தியை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அது நிகழ்ந்த இடம் எங்கோ தொலைவில் உள்ள பிற நாடு அன்று. இம் மலேசிய மண்ணிலேயே, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், கெப்பாளா பத்தாஸ் நகரை அடுத்துள்ள குவார் கெப்பா என்னும் சிற்றூரே அவ்விடம்.

ஜொகூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் பினாங்குத் தீவைக் கண்டு மீளும். வரலாற்றில் ஆர்வமுடைய ஆசிரியர் உடன் சென்றால், கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கையும் காணும். இவ்விரண்டிற்கும் இடையில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, வயல் சூழ்ந்து கிடக்கும் குவார் கெப்பாவில் வண்டியை நிறுத்துவோர் அரியர். நிறுத்தினாலும் கண்ணைக் கவரும் கோபுரமோ கோட்டையோ அங்கு இல்லை. அங்கே இருந்தவை மூன்று மேடுகள். இன்று அவையும் பெரும்பாலும் இல்லை.

பெயர் கூறும் சான்று

ஊர்ப் பெயர்கள் பழமையைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பன என்பது தமிழாசிரியர் நன்கறிந்த உண்மை. இவ்வூர்ப் பெயரும் அத்தகையதே. வடமாநிலத்து மலாய் வழக்கில் ‘குவார்’ என்பது மேட்டு நிலத்தைக் குறிக்கும். ‘கெப்பா’ என்பது ஒருவகைக் கிளிஞ்சல். எனவே ‘குவார் கெப்பா’ என்பதைத் தமிழில் ‘கிளிஞ்சல் மேடு’ என்றே சொல்லிவிடலாம். மேடு மறைந்த பின்னும் பெயர் மறையாது நின்று, அங்கிருந்தது இன்னதெனச் சான்று பகர்கின்றது.

கடற்கரையிலிருந்து விலகி உள்நாட்டில் இருக்கும் ஊருக்குக் கிளிஞ்சல் மேடு எவ்வாறு வந்தது? இதற்கு விடை கடலின் வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் மலாக்கா நீரிணையின் நீர்மட்டம் இன்று இருப்பதினும் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று நெல் விளையும் தாழ்நிலம் அன்று அலை தவழும் சேற்றுக் கரையாகவும் அலையாத்திக் காடாகவும் விளங்கியது. பின்னர்க் கடல் பின்வாங்கியது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையை மேலும் மேற்கே தள்ளியது. கடலோரத்தில் வாழ்ந்தோர் விட்டுச் சென்ற மேடுகள் வயலின் நடுவே தனித்து நின்றன.

அக்கரையில் வாழ்ந்த மக்கள் சேற்றில் கிடைத்த கிளிஞ்சலையும் மட்டியையும் பொறுக்கி உண்டனர், மீன் பிடித்தனர், வேட்டையாடினர். உண்டு கழித்த ஓடுகளை ஓரிடத்திலேயே கொட்டினர். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய ஓடுகள் குவிந்து குன்றுபோல் உயர்ந்தன. அம்மக்கள் தம்முள் இறந்தோரையும் அக்கிளிஞ்சல் மேட்டிலேயே அடக்கம் செய்தனர். ஆகவே, அம்மேடு ஒருபுறம் அடுக்களையின் எச்சம். மறுபுறம் முன்னோரின் ஈமக்காடு. வாழ்வோர் உண்ட இடமும் மாண்டோர் உறங்கிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

அழித்தவரே காட்டினர்

இம்மேடுகளைப் பற்றி உலகறிய முதன்முதல் எழுதியவர் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் என்னும் ஆங்கிலேயர். ‘இந்தோனேசியா’ என்னும் பெயருக்கு வழிகோலிய சொல்லை 1850ஆம் ஆண்டில் ஆக்கி வழங்கியவரும் இவரே. அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றிருந்த செபராங் பிறையில் இவர் அதிகாரியாகப் பணிபுரிந்தார். 1860ஆம் ஆண்டளவில் இவர் கண்டபோது, சுண்ணாம்புச் சூளைக்காரர் மேட்டை வெட்டிக் கிளிஞ்சலை வாரிக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 5 மீட்டர் உயரமிருந்த மேடு அது. வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஏர்லின் கட்டுரை 1863இல் இலண்டன் மானிட இனவியற் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அவ்வெலும்புகளைப் பற்றி, டார்வினின் கொள்கையை முன்னின்று காத்த தாமஸ் ஹக்ஸ்லி எழுதிய குறிப்பும் அதனோடு வெளியாயிற்று.

கிளிஞ்சல் குவியலை அறிஞர் பொருட்படுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. டென்மார்க்கு நாட்டுக் கடற்கரையிலும் இத்தகைய குவியல்கள் இருந்தன. அவை கடல் ஒதுக்கியவை என்றே முன்னர் எண்ணியிருந்தனர். 1848ஆம் ஆண்டில் அந்நாட்டார் அமைத்த ஆய்வுக் குழு, கரி, எலும்பு, கற்கருவி ஆகியவை ஓடுகளோடு கலந்து கிடப்பதைக் கண்டு, அவை மனிதர் உண்டு எறிந்தவற்றின் குவியல்களே என்று நாட்டியது. குப்பையும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்னும் உண்மை அப்பொழுதுதான் அறிவுலகில் வேரூன்றியது. அவ்வுண்மை அரும்பிய சில ஆண்டுகளிலேயே மலாயாவின் மேடும் அறிஞர் கண்ணிற் பட்டது. பட்டும் என் பயன்? கட்டுரை இலண்டனில் அச்சேறியது. கிளிஞ்சல் காளவாயில் ஏறியது.

சூளைக்காரரை மட்டும் பழிப்பது முறையாகாது. வளர்ந்து வந்த நகரங்களுக்குக் காரை வேண்டும். காரைக்குச் சுண்ணாம்பு வேண்டும். உழைத்து உண்போர்க்குக் கண்முன் கிடந்த கிளிஞ்சல் வெறும் பண்டமே. மேலும், அவர் வெட்டியிராவிடில் எலும்புகள் அந்நாளில் வெளிப்பட்டிருக்கவும் மாட்டா. அழித்தவரே காட்டியும் கொடுத்தனர். ஆனால், எலும்பைக் கண்ட பின்னும் வெட்டுவதை நிறுத்த எவரும் முன்வரவில்லையே, அதுதான் வருந்தத்தக்கது. நீரிணைக்கு அப்பால் சுமத்திராவின் வடகிழக்குக் கரையிலிருந்த கிளிஞ்சல் மேடுகளுக்கும் இதே கதி நேர்ந்தது. அவற்றுள்ளும் பல சுண்ணாம்பாயின.

கிளிஞ்சல் காத்த எலும்பு

வெப்பமும் மழையும் மிக்க இந்நாட்டு மண்ணில் புதைத்த உடல் நெடுநாள் நில்லாது. நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. அஃது எலும்பிலுள்ள சுண்ணத்தைக் கரைத்துவிடும். சில நூறு ஆண்டுகளில் பல்லும் எஞ்சுதல் அரிது. கிளிஞ்சல் மேட்டின் இயல்பு வேறு. மழைநீர் ஓடுகளின் ஊடே இறங்கும்போது அவற்றின் சுண்ணம் நீரின் புளிப்பை மாற்றிவிடும். ஆதலின், அங்கே வைத்த எலும்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் கரையாது கிடக்கும். எந்தச் சுண்ணத்துக்காக மேட்டை வெட்டினரோ அந்தச் சுண்ணமே முன்னோரின் உடலைக் காத்து வந்தது.

1934ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் வான் ஸ்டைன் கேலன்பெல்ஸ் குவார் கெப்பாவில் முறையாக அகழ்ந்தபோது மூன்று மேடுகளின் அடிப்பகுதிகளே எஞ்சியிருந்தன. அவ்வடியிலிருந்தே அவர் பல பொருள்களை எடுத்தார். தீட்டிய விளிம்புள்ள கற்கோடரிகள், பிடி கட்டுதற்கு ஏற்ப இடை குறுகிய கோடரிகள், அரைக்கும் கற்கள், பானை ஓடுகள் ஆகியன அவற்றுட் சில. எலும்புகள் சிலவற்றில் காவிக்கல்லின் செந்நிறம் படிந்திருந்தது. அகழ்வின் அறிக்கை 1936இல் சிங்கப்பூர் ராபிள்ஸ் காட்சிசாலையின் வெளியீட்டில் வந்தது. அங்குக் கிடைத்த ஏறத்தாழ 40 பேருடைய எலும்புகள் ஆய்வின்பொருட்டு நெதர்லாந்து சென்று, லைடன் நகரத்து இயற்கைக் காட்சிசாலையில் தங்கிவிட்டன. செபராங் பிறையின் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கியவர்கள், தாம் கனவிலும் கண்டிராத குளிர்நாட்டில் பெட்டிகளுக்குள் கிடந்தனர். அவர்களை மீட்டுக் கொணர வேண்டுமென்று பினாங்கு மாநிலத்தார் அண்மைக் காலத்தில் முயன்றனர்.

மேடும் போயிற்று, எலும்பும் போயிற்று, இனி அங்கு ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணியிருந்த வேளையில், 2017ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. அவ்விடத்தில் தொல்பொருட் காட்சிக்கூடம் ஒன்று எழுப்புவதற்காக நிலத்தை ஆய்ந்தபோது, மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தார் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டனர். அது ஒரு பெண்ணுடையது. 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ‘பினாங்குப் பெண்’ என்று அவளுக்குப் பெயரிட்டனர். சூளைக்காரரின் மண்வெட்டிக்கும் 1934ஆம் ஆண்டின் அகழ்வுக்கும் தப்பி, மண்ணோடு மண்ணாய்க் கிடந்தவள் அவள்.

லைடனுக்குச் சென்ற 40 பேரும் எலும்புகளே, இவளும் எலும்பே. ஆயினும், ஆராய்ச்சியாளர் இவளைப் பெரும்பேறாகக் கருதியது ஏன்? இவள் கிடந்த இடத்திலேயே கிடந்தாள். கை எவ்வாறு மடிந்திருந்தது, அருகே எந்தக் கல் வைக்கப்பட்டது, எந்தப் பானை இருந்தது, மேலும் கீழும் எத்தகைய கிளிஞ்சல் அடுக்கு இருந்தது என்பனவற்றை ஒருங்கே காண முடிந்தது. அந்த அடுக்கின் ஓட்டைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தினால் அவளது காலமும் புலப்படும். ஒரு சொல்லைப் பாட்டிலிருந்து பிரித்தெடுத்து வைத்தால் அதன் அகராதிப் பொருள் ஒன்றே எஞ்சும். பாட்டில் இருந்தால் முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் அதன் உட்பொருளைக் காட்டும். தொல்பொருளும் அத்தகையதே. பொருளைக் காட்டிலும் அது கிடந்த இடமே பேசும். இடத்தை விட்டுப் பெயர்த்த கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது.

இறந்தோரைப் போற்றிய முறைகள்

இறந்தோரை எறிந்துவிடாமல் ஒழுங்குபட அடக்கும் வழக்கம் இந்நாட்டில் இம்மேட்டினும் பழமையானது. பேராக் மாநிலத்து லெங்கோங்கில், குனுங் ருந்து குகையில் 1991ஆம் ஆண்டு வெளிப்பட்ட ‘பேராக் மனிதன்’ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். கருவிலிருக்கும் குழவிபோல் கால்களை மடக்கி அவனை வைத்திருந்தனர். உடன் கற்கருவிகளும் இறைச்சியும் ஆற்று நத்தைகளும் படைத்திருந்தனர். அவனுக்கு ஒரு கை பிறவியிலேயே குறைபட்டது. வேட்டையாடி வாழும் கூட்டத்தில் குறையுள்ள ஒருவன் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்தான் என்றால், பிறர் அவனைப் பேணினர் என்பது தெளிவு. இச்செய்தியும் அவன் கிடந்த இடத்தைக் கலைக்காது ஆராய்ந்தமையாற் கிடைத்ததே. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாயிற்று.

தமிழகத்துக்கு வருவோம். இறந்தோரைத் தாழியில் இட்டுக் கவிக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் கூறும். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி கலம்செய் கோவை வேண்டுகின்றாள். சுடுதல், இடுதல், குழியில் படுத்தல், தாழியில் கவித்தல் முதலிய பல முறைகளும் ஒரே காலத்தில் வழங்கியதை மணிமேகலை காட்டும். இப்பாடல்கள் வெறுங் கற்பனை அல்ல என்பதற்குத் தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரே சான்று. உழவுக்கு ஆகாத சரளை மேட்டில், 114 ஏக்கர்ப் பரப்பில், முதுமக்கள் தாழிகள் நெருங்கப் புதைந்துள்ளன. விளைநிலத்தை உயிரோடிருப்போர்க்கு விட்டு, வன்னிலத்தை வெட்டி மாண்டோரை வைத்தனர் அம்முன்னோர்.

குவார் கெப்பாவின் வரலாறும் ஆதிச்சநல்லூரின் வரலாறும் ஒரு வகையில் ஒத்திருக்கின்றன. 1876ஆம் ஆண்டில் அங்கு அகழ்ந்த யாகோர் என்னும் ஜெர்மானியர் தாம் எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் ரீ பெருமளவில் அகழ்ந்து, வெண்கலக் கலங்களையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப் பட்டங்களையும் சென்னைக்குக் கொணர்ந்தார். 2004, 2005ஆம் ஆண்டுகளில் மீண்டும் நடந்த அகழ்வில் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அதன் அறிக்கையைக் காணத் தமிழுலகம் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் நல்லதொரு முடிவும் பிறந்தது. 2023ஆம் ஆண்டில் அங்குக் களக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. தாழிகளைக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துள்ளனர். காண வருவோர் கண்ணாடியின்மேல் நின்று, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே காணலாம்.

உரிமை கொண்டாடலும் உண்மை காணலும்

ஈண்டு ஒன்றனைத் தெளிவுறக் கூறல் வேண்டும். பழமை எங்கு வெளிப்படினும் அதனைத் தமிழருடையது என்று சொல்லிவிட நம்மவருள் சிலர் விரைவர். குவார் கெப்பா மக்கள் தமிழர் என்பதற்கு எள்ளளவும் சான்றில்லை. இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது 1025ஆம் ஆண்டில். கிளிஞ்சல் மேட்டு மக்கள் அதற்கு 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவர். ஆதிச்சநல்லூரின் தாழிகளும் இம்மேட்டுக்கு மிகப் பிற்பட்டனவே. பேராக் மாநிலத்துச் சுங்கை, சிலிம் வட்டாரங்களில் காணப்பட்ட கற்பலகைக் கல்லறைகள் தமிழகத்துக் கற்பதுக்கைகளைத் தோற்றத்தில் ஒத்திருந்தாலும், அவ்வொப்புமை ஒன்றையே கொண்டு உறவு பேசுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. மண்டை ஓட்டை அளந்து இனம் கூறிய பழைய முறையையும் இன்றைய அறிஞர் கைவிட்டனர்.

அவ்வாறாயின், தமிழ் மாணவர் இம்மேட்டைப் பற்றி ஏன் கற்றல் வேண்டும் என்று வினவுவார் உளர். பிறந்து வாழும் நாட்டின் மண்ணை அறிவது கல்வியின் தொடக்கம். மேலும், தம்முடையது என்றால் மட்டும் போற்றி, பிறருடையது என்றால் புறக்கணிப்பவர், பிறர் தம் சின்னத்தைப் புறக்கணிக்கும்போது கேட்கும் உரிமையை இழந்துவிடுவர். 2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்ட நிலத்திலிருந்த பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி கேட்டு நாடே வருந்தியது. அக்கோயில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. கிளிஞ்சல் மேடு அதனினும் பன்மடங்கு பழையது. இரண்டும் அழிந்தது ஒரே காரணத்தால்: நிலத்தின் விலை தெரிந்த அளவுக்கு அதன் வரலாறு தெரியவில்லை.

தோட்டத்து மேடுகள்

ஜொகூரின் மண்ணும் முற்றிலும் படித்து முடித்த ஏடன்று. மூவார் வட்டாரத்துக் கம்போங் பெஞ்சுவில் கிடைத்த பழைய வெண்கல மணி, உலோகக் காலத்து மக்கள் இங்கும் தொடர்பு கொண்டிருந்தமைக்குச் சான்று. சிலாங்கூரின் பந்திங் அருகே, சுங்கை லாங் சிற்றூரின் மண்மேடொன்றில் 1964ஆம் ஆண்டு இரண்டு வெண்கல முரசுகள் ஒரு மரப்பலகையின்மேல் வைத்தபடியே கிடைத்தன. பலகை உடனிருந்ததால் முரசின் காலத்தைக் கணிக்க வழி பிறந்தது. மேட்டை வெட்டுவோரின் கையில் நாட்டின் வரலாறே இருக்கிறது என்பதற்கு இது மற்றொரு சான்று.

நம் கண்முன் வேறு சில மேடுகளும் உள்ளன. அவை 5,000 ஆண்டுப் பழமையானவை அல்ல. நூறாண்டுப் பழமையே உடையவை. காடு திருத்தி ரப்பர் நட்ட தமிழர், தோட்டத்தின் ஒரு மூலையில் ஒதுக்கிய இடுகாட்டில் உறங்குகின்றனர். பெயர் பொறித்த கல் சிலருக்கே உண்டு. ஏனையோர்க்கு மண்மேடே அடையாளம். ரப்பர்க் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. செம்பனைக் காடுகள் சில வீட்டுமனைகளாயின. மக்கள் இடம் பெயர்ந்தபின் மேட்டைக் காட்டிச் சொல்ல ஆளிருப்பதில்லை. நம் புளிப்பு மண்ணில் கிளிஞ்சலும் இல்லை, எலும்பு நிலைக்காது. எழுதி வைத்த ஏடு ஒன்றே நிலைக்கும்.

இங்குத் தமிழாசிரியர் செய்யத்தக்க பணி பெரிது, செலவோ சிறிது. மேட்டைத் தோண்டுதல் ஆகாது. அது பயிற்சி பெற்றோரின் தொழில். மாணவரைக் கொண்டு இடுகாட்டின் நீள அகலத்தைக் கயிற்றால் அளக்கலாம், வரைபடம் தீட்டலாம், கல்லில் உள்ள பெயரையும் ஆண்டையும் எழுத்துப் பிசகாமற் பெயர்த்தெழுதலாம், கல்லில்லாத மேட்டில் உறங்குபவர் யாவரென முதியோரைக் கேட்டுக் குறிக்கலாம். பழம்பொருள் எதுவும் தற்செயலாகக் கிடைத்தால், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தல் கடமை. எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதும், கழுவித் துடைத்துப் பிறர்க்குக் காட்டுவதும் சூளைக்காரர் செயலுக்கு இளைத்தவை அல்ல.

1860ஆம் ஆண்டில் குவார் கெப்பாவில் மண்வெட்டியோடு நின்றவர்க்கு அம்மேடு இன்னதென்று எடுத்துரைக்க ஒரு பள்ளியும் இல்லை. ஓர் ஆசிரியரும் இல்லை. இன்று நம் தோட்டப்புறங்களில் பள்ளியும் உண்டு, ஆசிரியரும் உண்டு. மேட்டை வெட்டும் வண்டி வருமுன் அளவுக்கயிறும் குறிப்பேடும் அங்குச் சென்று சேர்தல் வேண்டும்.